ஏழாவது வளைவில் நின்றுபோகும் படம்

பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அந்த அம்மாளுக்கு வயது ஐம்பது. மாலையில் வீடு திரும்பியதும் கணினியில் கார் பந்தயம் ஓட்டுவாள். விளையாட்டுத்தானே என்று யாராவது சிரித்தால் சுருக்கென்று கோபம் வரும். அணியில் ஆறு பேர், ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஓட்டுகிறார்கள். அங்கே அவளுக்குப் பெயர் பிரேக்கக்கா.

மூன்று வாரமாக ஒரே தலைவலி. தனியாக ஓட்டினால் கார் தடங்கலில்லாமல் போகும். இருபது கார்கள் சேர்ந்து ஏழாவது வளைவுக்குள் நுழைந்தால் போதும், படம் ஒரு கணம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது அவள் கார் சுவரில் முட்டிக் கிடக்கும். சனிக்கிழமைப் பந்தயத்திலும் இப்படியே ஆனால் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாக அணித் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் புருஷன் யார்? ஊரில் பாதிப் பேருடைய கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டும் மெக்கானிக். இவளுடையதையும் அவர்தான் மாட்டிக் கொடுத்தார்.

"என்னங்க, படம் நின்னு நின்னு ஓடுது. கொஞ்சம் திறந்து பாருங்களேன்."

"அதுல இருக்கிற பிராசஸர் என்ன தெரியுமா? என் கடையிலயே அதுக்கு மேல கிடையாது. உன் கைதான் தடுமாறுது."

"முப்பது வருஷமா டைப் அடிக்கிற கைங்க இது!"

"அப்ப டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டு," என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை அவர் கடைக்குப் போனதும், கணினியை ஒரு வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். முன்மேசையில் இருந்த பெண் வேலைக்குப் புதிது, முதலாளியின் மனைவியைப் பார்த்ததில்லை. பதினேழாம் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தாள். மற்ற வாடிக்கையாளர்களோடு இவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முறை வந்து, பெட்டி உள்ளே போனது. நாளெல்லாம் பெட்டி பிரிப்பவருக்கு எல்லாப் பெட்டியும் ஒன்றுதான். நாலாவது நிமிடம் தடுப்புக்குப் பின்னாலிருந்து புருஷனின் சத்தம் கிளம்பியது.

"எந்த மடையன் மாட்டினது இதை? மெமரி சொருக நாலு இடம் இருக்கு. ஒண்ணு விட்டு ஒண்ணுல சொருகினாதானே பிராசஸருக்குத் தகவல் ரெண்டு வழியா வரும்? பக்கத்துல பக்கத்துல சொருகி வச்சிருக்கான்! எவ்வளவு பெரிய பிராசஸரா இருந்து என்ன பண்ண, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்!"

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அவள் அலுவலகத்திலும் இதே கூத்துதான். கையெழுத்துப் போட அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருப்பார், கோப்புகளெல்லாம் ஒரே குமாஸ்தா வழியாக வரும். கூட்டமில்லாத நாளில் ஒன்றும் தெரியாது. கூட்டம் சேர்ந்தால் அதிகாரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மெக்கானிக் வெளியே வந்தார். "பதினேழு யாருங்க? யார்கிட்ட குடுத்து மாட்டுனீங்க இதை?"

"உங்ககிட்டதாங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் விறுவிறென்று உள்ளே போனார். மெமரியை இடம் மாற்றிச் சொருகி, முன்மேசைப் பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்.

மாலைப் பந்தயத்தில் ஏழாவது வளைவு ஒரு சிக்கலும் இல்லாமல் கடந்தது. நான்காவதாக வந்தாள், அணியில் இடம் தங்கியது. சந்தோஷம்தான். ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

கடையை அடைத்துவிட்டு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே! வீட்டுலயே சொல்லியிருந்தா பாத்திருக்க மாட்டேனா?"

"மூணு வாரமா வீட்டுலதாங்க சொன்னேன்," என்றாள். "பொண்டாட்டியா சொன்னப்ப என் கையில கோளாறு. டோக்கன் வாங்கினப்புறம்தான் மெஷின்ல கோளாறு."