மேற்குச் சுவரில் ஒட்டிய நாளிதழ்

கட்டடங்களுக்கு வெயில் தடுப்பு வடிவமைக்கும் கிறிஸ்டினா, மே பதினான்காம் தேதி இரும்புலியூரிலிருந்து பொத்தேரிக்கு வந்தது, தன் வேலையைப் படம் எடுத்துக்கொள்ளத்தான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்தில், மேற்குச் சுவர் முழுவதும் சுட்ட மண் பலகைகளைச் சாய்வாக நிறுத்தியிருந்தாள். வெயில் உள்ளே வராது, ஏ.சி. பாதி போதும் என்பது அவள் கணக்கு. நான்கு பத்துக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்தால், ஜன்னல் கண்ணாடியெல்லாம் நாளிதழ் ஒட்டியிருந்தது.

"அத்தப் பிச்சிடாதீங்க மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர் லோகு. "நாலு மணியானா இட்லிப் பானையாட்டம் கீது. வெயிலுக்கு வழி காட்டத்தான் அந்தப் பலகைய வெச்சீங்களா?"

கிறிஸ்டினா போனில் திசைகாட்டியைத் திறந்தாள். சுவர் நேர் மேற்கைப் பார்க்கவில்லை; இருபது பாகை வடக்கே திரும்பியிருந்தது. ஜி.எஸ்.டி. சாலை தெற்கு வடக்காகப் போகிறது என்று எல்லோரும் சொல்வதை நம்பி, அதை வைத்தே வரைபடத்தில் திசை குறித்திருந்தாள். சாலையோ சாய்ந்து போகிறது; அதனால் பலகைகளின் சாய்வும் தவறி, இடைவெளி வழியே வெயில் நேராக உள்ளே வந்தது.

அதே வரைபடத்தின்படி இயற்பியல் கட்டடத்தில் மறுநாள் பலகை பொருத்தப் போகிறார்கள். சொன்னால் பதினாறு வருடம் சம்பாதித்த பெயர் போகும். சொல்லாவிட்டால் யாரும் திசை பார்க்கப் போவதில்லை.

"இன்னா மேடம், போன் ரிப்பேரா?"

"போன் சரியாத்தான் இருக்குண்ணா."

அந்த வேலையைப் பார்க்கும் பொறியாளரைப் போனில் அழைத்தாள். "சார், நாளைக்கு வேலைய ஆரம்பிக்காதீங்க. டிராயிங் தப்பு. தப்பு என்னோடதுதான்."

போனைக் காதில் வைத்தபடியே, கண்ணாடியிலிருந்து பிரிந்து தொங்கிய நாளிதழ் முனையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.