நான் போடாத கையெழுத்து

போன திங்கட்கிழமை. ஜீவனஹள்ளியில் என் ஜெராக்ஸ் கடையில் ஸ்கூல் விட்ட நேரத்துக் கூட்டம். எல்லோரும் போன பிறகும் யூனிஃபார்மில் ஒரு சின்னப் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நாலாங்கிளாஸ் இருக்கும். அடிக்கடி பென்சில் வாங்க வருகிறவள்தான்.

“என்னம்மா, ஜெராக்ஸா?”

“இல்ல அங்கிள்... ஒரு சைன் போட்டுத் தர்றீங்களா?”

கணக்கு டெஸ்ட் பேப்பர். இருபத்தைந்துக்கு ஆறு. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு, காலியாக.

“ஏன், அப்பா அடிப்பாரா?”

“சே, அடிக்கவே மாட்டாரு. பேச மாட்டாரு. போன தடவ ரெண்டு நாளு பேசல. ரொம்ப பேஜாரா இருக்கும் அங்கிள்.”

எடுத்த பேனா என் கையிலேயே நின்றுவிட்டது.

உங்களுக்குத்தான் தெரியுமே — எனக்கு அதிகம் பேச்சு வராது. பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில்தான் வாய் திறக்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பெருமை உண்டு. என் மகள் ரீட்டாவை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. தப்புச் செய்தால் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்துவிடுவேன், அவ்வளவுதான். அதுவும் தண்டனைதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது ரீட்டாவின் பழைய டெஸ்ட் பேப்பர் ஒன்று கிடைத்தது. ஐந்தாங்கிளாஸ். இருபத்தைந்துக்கு நாலு. கீழே என் கையெழுத்து... நான் போடாத கையெழுத்து! அன்றைக்குச் சிரித்துவிட்டுக் கடை டிராயரில் போட்டுவைத்தேன். என்னிடம் வந்ததெல்லாம் நல்ல மார்க் பேப்பர்கள் மட்டும்தான். அதை வைத்துத் தங்கமான பிள்ளை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

பயம் பிள்ளைகளைத் திருத்துவதில்லை. உஷாராக்கிவிடுகிறது.

அந்தப் பெண்ணிடம் பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். “சைன் அப்பாதான் போடணும்மா. சரி, எந்தக் கணக்கு கஷ்டமா இருந்துச்சு?”

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கவுன்டரில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். மூன்றாவது கணக்கில் தானாகவே நின்றாள். “ஐயோ, இது எனக்குத் தெரியும் அங்கிள்! நாளைக்கு மிஸ்கிட்ட திரும்பப் போட்டுக் காட்டறேன்.”

அப்படிச் செய் என்று நான் சொல்லவே இல்லை. பேப்பரைக் கசக்காமல் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

கடையிலிருந்தே ரீட்டாவுக்குப் போன் செய்தேன். அவளுக்குப் புனேயில் வேலை.

“உன் அஞ்சாங்கிளாஸ் பேப்பர் ஒண்ணு கிடைச்சுச்சு. அதுல என் சைன் யாரும்மா போட்டது?”

“நான்தான் டாடி! உங்கள விட நல்லா போடுவேன்.” ஒரே சிரிப்பு.

“என்கிட்ட காட்டியிருக்கலாமே...”

சிரிப்பு நின்றது. “காட்டினா பேச மாட்டீங்களே டாடி. நீங்க பேசறதே கொஞ்சம். அதயும் எப்படி விடறது?”

நாலு மார்க்கோ ஆறு மார்க்கோ, பேப்பரோடு என் பக்கத்தில் வந்து நின்று, ‘டாடி, இது எனக்கு வரல’ என்று அவள் சொல்லும் ஒரு சாயங்காலம்... அப்படி ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லை. நான்தான் கிடைக்க விடவில்லை.

“ஊருக்கு வரும்போது அந்தப் பேப்பர ஒரு தடவ என்கிட்ட நீட்டுறியாம்மா?”



“பார்க்கலாம் டாடி.”

பேப்பர் டிராயரில் இருக்கிறது; அவள் எடுத்து நீட்டும் நாளுக்காகப் பேனா என் பாக்கெட்டில்தான் இருக்கிறது.