வெயில் படாத மூக்கு

2005 ஏப்ரலில் என் அண்ணனின் மூக்கை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய். ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் சரக்கு கட்டி இறக்கும் வேலை. உயிர் பிழைத்ததைவிட, மறுபடி அந்தக் கும்பலோடு நின்று வேலை செய்ய முடியுமா என்பதே அவருக்குக் கவலையாக இருந்தது. டிசம்பர் வரை, ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர, வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

ரணம் ஆறியதும், கணினி வைத்து மூக்கு செய்யும் ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். ஸ்கேனர் முகத்தின் மேடுபள்ளத்தை அளக்கும். கணினியில் மூக்கை வடிவமைப்பார்கள். எந்திரம் அதற்கு அச்சு கடைந்து தரும். அச்சில் சிலிக்கோன் ஊற்றுவார்கள். இல்லாத மூக்குக்கு மாதிரி வேண்டுமே, அதற்காக என் மூக்கையும் ஸ்கேன் செய்தார்கள்.

"உன் மூக்க மாட்டிகினா, நானும் ஊர் விசயத்துல எல்லாம் நுழைச்சிகினு திரிவேன்டா" என்றார் அண்ணன். அறுவைக்குப் பிறகு அவர் சிரித்துப் பேசியது அன்றுதான்.

ஸ்கேன் என்பதை அண்ணி ஸ்டுடியோவில் படம் பிடிப்பதைப் போல நினைத்துக்கொண்டார். சில வாரங்களாகவே அண்ணனின் கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்பழகு கிரீம் தடவி வந்தார். "கம்பூட்டர்ல கருப்பா வுயுந்தா, மூக்கும் கருப்பாதானே வரும்?"

கணினி வடிவத்துக்கு மட்டும்தான். நிறத்தைக் கையால் கலந்தார்கள், அண்ணனின் கன்னத்தருகே வைத்து வைத்துப் பார்த்து. மாதக்கணக்கில் வெயில் படாத கன்னம், போதாததற்குக் கிரீம். அவருக்கு என்றுமே இருந்திராத நிறம் அது. எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. மூக்கு அத்தனை அழகாகப் பொருந்தியது, அண்ணி அழுதேவிட்டார்.

ஜனவரியில் வேலைக்குப் போனார். மார்ச்சுக்குள் முகம் பழைய கருப்புக்குத் திரும்பியது. மூக்கு அப்படியே இருந்தது.

"இன்னா மாமு, மூக்கு மட்டும் ஏசி ரூம்ல குந்திகினு கீதா?" என்று கும்பலில் ஒருவன் கேட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்கு அதுவே பெயர். "யோவ் ஏசி, கயித்தப் புடி!"

மூக்கு செய்த இடத்துக்கே மறுபடி போனோம். மேலே கருஞ்சாயம் பூசித் தந்தார்கள். வியர்வையில் அது திட்டுத்திட்டாக உரிந்தது. "முடிஞ்ச வரைக்கும் வெயில்ல போகாதீங்க" என்று அங்கிருந்த டாக்டரம்மா கனிவாகத்தான் சொன்னார். துறைமுகத்தில் எந்த இடத்தில் வெயில் அடிக்காது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மே மாதம் அண்ணன் வேலையை விட்டார்.

அந்த டிசம்பரில் பரிசோதனைக்குப் போனபோது, டாக்டரம்மா மாணவர்களைக் கூப்பிட்டு அண்ணனின் முகத்தைக் காட்டினார். ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிகிறதா, நிறம் எவ்வளவு கச்சிதம் பாருங்கள் என்றார். உண்மையிலேயே கச்சிதமாக இருந்தது. ஒரு மாணவி மரியாதையாக, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டாள்.

"வூட்ல சொம்மா கீறேன்மா" என்றார் அண்ணன்.