கொழுப்பு பூசிய பெயர்

என் அக்காள் கணவர் கென்னா, பிரமிடுகள் தெரியும் மெம்பிஸ் நகரக் கோயிலில் சிற்பி. எங்கள் சேற்று வயல் குடும்பத்தில் நாணல் பேனா பிடித்த முதல் ஆள் நான். பழைய மன்னர்களின் சிலைகளில் புதிய மன்னரின் பெயரை நான் மையால் எழுதுவேன். அவர் உளியால் வெட்டுவார்.

தெற்கு வாசல் சிலையின் முறை வந்தபோது அவருக்குக் கை எழவில்லை. முதல் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த என் அக்காள் மூத்தூய், அந்தச் சிலையின் காலடியில் ரொட்டி வைத்து வேண்டிக்கொண்ட பிறகுதான் மறுபடி உண்டாகியிருந்தாள்.

"பேரை அழிச்சா அந்த ராசா மேலுலகத்துல செத்துப்போவாரு. குடுத்தவரையே கொன்னுட்டா, குழந்தை மட்டும் தங்குமா?" என்றாள்.

பழைய எழுத்தைத் தேய்த்தெடுக்கும்படிதான் மேற்பார்வையாளர் பென்பூயியின் உத்தரவு. கென்னா அதைச் சாந்தால் நிரப்பி, அதன்மேல் புதுப் பெயரை வெட்டினார். சாயம் பூசியதும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவர் காதோடு சொன்ன பிறகுதான் தெரிந்தது.

திருவிழா நெருங்கியபோது பென்பூயி உற்சாகமாக வந்தார்.

"இப்ப இது நம்ம ராசா சிலை ஆயிருச்சுல்ல? இந்த வருசம் இதுக்கும் தண்ணி ஊத்தறாங்க."

கென்னா என்னைத் திரும்பிப் பார்த்தார். சாந்து நனைந்தால் உதிரும். பழைய மன்னர் எட்டிப் பார்ப்பார். மூக்கை அறுத்துச் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மேலே எழுதியது என் கை என்பதும் எனக்கு மறக்கவில்லை.

"மச்சான், இப்பவே தேச்சு எடுத்துருங்களேன்."

"அப்புறம் உங்க அக்கா மூஞ்சில எப்படி மாப்ளே முழிக்கிறது?"

மறுநாள் உச்சி வெயிலில், பூசாரிகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அக்காவின் வாத்துக் கொழுப்புச் சட்டியோடு ஏணி ஏறினார். பெயர் முழுக்க அப்பித் தேய்த்தார்.

திருவிழாக் காலையில் தெற்கு வாசலுக்குப் போனோம். ஊர் ஈயெல்லாம் மன்னரின் பெயர்மேல் அப்பியிருந்தது. சிலையின் முகத்தில் ஒன்றுகூட இல்லை.

"என்னய்யா இது, பேர்ல மட்டும் ஈ மொய்க்குது?" என்றார் பென்பூயி.

கென்னா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "பேருக்குக் கொழுப்பு சாத்தியிருக்காருங்க. ராசா மேல அவ்வளவு பக்தி."

பின்னால் நின்ற கிழட்டுப் படைவீரன் ஒருவன் கெக்கலித்தான். "சண்டையில செயிச்சவனுக்கு ராசா தங்கத்துல ஈ செஞ்சு குடுப்பாரு. கல்லு ராசாவுக்கு நெச ஈயே வந்துருச்சு!"

கூட்டம் சிரித்தது. பூசாரி குடத்தைச் சாய்த்தார். ஈக்கள் கலைந்தன. தண்ணீர் பெயரின்மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு இறங்கியது. கென்னா அதைப் பார்க்கவில்லை. வெள்ளையாக ஏதாவது விழுகிறதா என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் விழவில்லை.

பென்பூயிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இனி வருசா வருசம் நீயே சாத்திரு."

பெண் பிறந்தாள், தங்கினாள். இப்போது அவளுக்கே கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஆனாலும் குளிர்காலத்தில் கூரைமேல் நாலு தூறல் விழுந்தால் போதும், கென்னா ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"மூத்தூய், அந்தச் சட்டி எங்க?"