எங்கள் மனேஜரும் ‘இண்டைக்கு இல்லை’ விதியும்

மூன்று தளங்களிலும் எதிரணிக்காரர் நிற்க, நான் எழுந்து வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டிய அந்த நிமிடம் என் தோளில் இன்னும் இருக்கிறது. பேஸ்போலில் கேட்சர் என்பவர் அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து, அடிபடாத பந்தைப் பிடிப்பவர். அவர் எழுந்து நின்று கையை நீட்டினால் பொருள் ஒன்றுதான்: அடிக்க நிற்கிறவருக்கு எட்டாத தூரத்தில் நாலு பந்து போட்டு, அவரை முதல் தளத்துக்குச் சும்மா நடக்க விடப்போகிறோம். தளங்கள் நிரம்பியிருக்கும்போது அப்படிச் செய்தால் எல்லோரும் ஒரு தளம் முன்னே நகர்வார்கள். எதிரணிக்கு ஓர் ஓட்டத்தை நாமே தட்டில் வைத்து நீட்டியதாகும். நாங்கள் இரண்டே இரண்டு ஓட்டங்களால்தான் முன்னுக்கு நின்றோம். கடைசிச் சுற்று. இன்னும் ஒருவரை வெளியேற்றினால் போதும்.

மனேஜர் தொழிற்சாலையின் நீல மேற்சட்டைக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி, ஏதோ பஸ்ஸுக்குப் போகிறவர் போல மைதானத்துக்குள் நடந்து வந்தார். டென்மார்க்கின் வைலே நகரத்துக் குடாவிலிருந்து வரும் காற்று அவருடைய தொப்பியைத் தூக்கப் பார்த்தது.

“பிள்ளை, எழும்பி நில். இவனை நடக்க விடு.”

“ஒரு ஓட்டத்தைச் சும்மா குடுக்கப் போறியளோ?”

“இவன் அடிச்சால் நாலு பேரும் ஓடி முடிப்பினம். ஒண்டைக் குடுத்து நாலைக் காப்பாத்துவம். அடுத்தவன் கையுறை போடேக்கை சின்ன விரலை மடக்கினவன். பாக்கேல்லையோ? அவனாலை மட்டையை இறுக்கிப் பிடிக்க ஏலாது.”

நான் பார்க்கவில்லை. அங்கே நின்ற ஒருவருமே பார்க்கவில்லை. நடுவர் இரண்டு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார், எனக்கு விதி தெரியுமா என்று கேட்பதுபோல. நாலு பந்துகள் போயின. ஓர் ஓட்டத்தைக் கொடுத்தோம். அடுத்து வந்தவன் அடித்த பந்து உயிரில்லாமல் நேரே மேலே எழும்பி என் கையுறைக்குள் விழுந்தது. நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து கத்திக்கொண்டிருந்தபோது மனேஜர் தளங்களைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் மனேஜர் என்றுதான் கூப்பிட்டோம், டெனிஷ்காரர் உட்பட. வேலையில் அவர் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையின் சாதாரண ஆள். அங்கே அவருக்கும் ஒரு மனேஜர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் எல்லே விளையாடியவர். எல்லே தெரியாதவர்களுக்கு: மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டுத் தளம் தளமாக ஓடும் விளையாட்டு, பேஸ்போலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். டென்மார்க்குக்கு வந்து, பேஸ்போல் விதிப் புத்தகத்தை அகராதியும் கையுமாக டெனிஷில் படித்து, உதைபந்தாட்ட மைதானத்தின் பின்மூலையில் ஆளில்லாமல் கிடந்த ஒரு குட்டிக் கழகத்துக்குள் நுழைந்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கல்லெறிந்து மாங்காய் விழுத்தக்கூடிய கை யாருக்கு இருக்கிறது என்று பார்த்து, வளர்ந்ததும் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்தார். டென்மார்க்கில் மாமரம் இல்லை என்று என் தம்பி சொன்னபோது, “உன்ரை கைக்கு அது தெரியாது” என்றாராம். பாதித் தமிழரும் பாதி டெனிஷ்காரரும், ஆணும் பெண்ணுமாக ஒரு கலவை அணி உருவானது. நான் ஓல்போர்க்கில் பொறியியல் படித்த காலத்திலும் சனி ஞாயிறுகளில் ரயிலேறி ஓடிவந்தது அந்த மூலைக்காகத்தான்.

அவருடைய மூளையைப் பற்றி நான் நாள் முழுக்கப் பேசுவேன். என் நண்பர்கள் தப்பி ஓடுவார்கள். ஆனால் அந்த மூளைக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. நல்ல கிழமைகளில் மூன்று பேரின் வேலையைத் தனியே செய்வார். எங்கள் ஒவ்வொருவரின் கால்வைப்பையும் படமாகக் கீறிக்கொண்டு வருவார். பிறகு திடீரென்று போன் அணைந்துவிடும். இரண்டு கிழமை, மூன்று கிழமை. கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். திரும்பி வரும்போது ஒன்றும் நடக்காததுபோல் பந்து வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அந்தக் காணாமற்போதலுக்கு முன்னால் எப்போதும் ஒரு சீற்றம் வரும். எங்கள் ஆட்கள் அதற்கு ஒரே சொல் வைத்திருந்தார்கள்: விசர், அதாவது பைத்தியம். அப்பா மட்டும், “அந்தாளுக்கு விசரில்லை. உள்ளுக்கை ஏதோ பாரமாக் கிடக்கு” என்பார். என்ன பாரம் என்று அப்பாவும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

ஓல்போர்க்கில் நடந்த ஆட்டம்தான் எல்லாவற்றையும் உடைத்தது. வென்றால் மேல் பிரிவுக்குப் போவோம். கடைசிச் சுற்றில் ஓர் ஓட்டத்தால் முன்னுக்கு நிற்கிறோம். எதிரணியில் இருவர் வெளியேறிவிட்டார்கள், மூன்றாமவரும் வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் தளத்தில் ஒருவன், மூன்றாம் தளத்தில் ஒருவன். பந்து மெதுவாக உருண்டு, மூன்றாம் தளத்தைக் காத்து நின்ற என் தம்பியிடம் போனது. அங்கே நின்ற ஓட்டக்காரன் என்னை நோக்கி ஓடி வருகிறான். தம்பி பந்தை முதல் தளத்துக்கு எறிந்தாலும் சரி, எனக்கு எறிந்தாலும் சரி, கதை முடிந்தது. நான் கையுறையை விரித்துக் காத்திருந்தேன். பந்து எனக்கு வரவில்லை. தம்பி அதை ஓடுகிறவனின் முதுகுக்கு எறிந்தான்.

எல்லேயில் அது சரி. ஓடுகிறவருக்குப் பந்தால் எறிந்து பட்டால் அவர் வெளியே. பேஸ்போலில் அது வெறும் எறி. பந்து முதுகில் பட்டுத் தெறித்து வேலிவரை உருண்டது. இருவரும் ஓடி முடித்தார்கள். ஓர் ஓட்டத்தால் தோற்றோம். தம்பி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மனேஜர் பந்து வாளியை உதைத்தார். பந்துகள் எதிரணிக் குடும்பங்களின் கதிரைகளுக்குள் சிதறின. “மாடு! ஆர் உன்னை இதுக்குள்ளை விட்டது? மூளை எண்டொண்டு இருக்கோ உனக்கு?” என்று தொடங்கி, இங்கே எழுத முடியாதவற்றையும் சொன்னார். தமிழ் தெரியாதவர்களுக்கும் எல்லாம் விளங்கியது. பிறகு தன் காரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் உடுப்புப் பைகளும் ஜாக்கெட்டுகளும் அந்தக் காரில் இருந்தன. சேறு பிடித்த விளையாட்டு உடுப்போடு வைலேக்கு ரயிலேறினோம். எதிரே இருந்த பெண்மணி ஒருவர் எங்கள் அழுக்கைப் பார்த்துக் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். தம்பி வழக்கமாக என்னோடு டெனிஷில்தான் பேசுவான். அன்றைக்கு ஓர்ஹூஸ் தாண்டும்வரை பேசாமல் இருந்துவிட்டுத் தமிழில் சொன்னான்: “போன சனி இதே எறிக்கு அவர் கை தட்டினவர், அக்கா.”

அது உண்மை. முந்தின சனிக்கிழமைதான் தமிழ்ப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. எல்லேயை நடத்தியவர் மனேஜர். ஓடுகிறவரின் முதுகில் குறி தவறாமல் எறிந்த தம்பியை எல்லோர் முன்னாலும் கட்டிப் பிடித்துப் பாராட்டியவரும் அவர்தான்.

நாலாம் நாள் கழகத்துக் கதவடியில் எங்கள் பைகள் இருந்தன. ஜாக்கெட்டுகள் தோய்த்து, மடித்து, ஒவ்வொருவரின் பையிலும் சரியாக வைக்கப்பட்டிருந்தன. ஆளைக் காணவில்லை. மாரிக் குளிர் வந்தது; உள்மண்டபப் பயிற்சிகள் தொடங்கின; போன் அணைந்தே கிடந்தது. பெப்ரவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது என்றும், புதிய மனேஜரைத் தெரிவுசெய்வதா என்று வாக்கெடுப்பு நடக்கும் என்றும் கழகத் தலைவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற டெனிஷ் ஆசிரியை அவர், நேர்மையான மனுஷி. அவரில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் வீடுகளுக்குள் போன்கள் ஓடின. கூட்டத்துக்கு எல்லோரும் போவது, ஆனால் ஒருவரும் எந்தப் பக்கமும் கை தூக்குவதில்லை என்று முடிவானது.

“அவரின்ரை முகத்துக்கு முன்னாலை கை தூக்கி ஆளை எடைபோடுறதோ? பேசாமல் இருப்பம். அதுதான் மரியாதை” என்றார் அம்மா.

“அம்மா, இங்கை தூக்கின கையைத்தான் எண்ணுவினம். தூக்காட்டி அவருக்கு ஒருத்தரும் இல்லையெண்டுதான் எழுதுவினம்.”

“எழுதினால் எழுதட்டும். அவருக்கு எங்களை விளங்கும்.”

விளங்காது என்று எனக்குத் தெரியும். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்து பேர் சேர்ந்து பந்து விளையாடினாலும் கூட்டம் கூட்டிக் கை எண்ணும் ஊர் இது. ஆனாலும் அம்மாவோடு மேலே வாதாடவில்லை. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: தம்பியைத் திட்டிய அந்தச் சொற்கள் எனக்குள்ளும் கிடந்து எரிந்தன.

மண்டபத்துக்கு மேலேயுள்ள அறையில் கூட்டம். கோப்பி, கேக், மடக்குக் கதிரைகள். எங்கள் ஆட்கள், கழகத்தில் சந்தா கட்டும் பெற்றோருமாக, பின்வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது மனேஜர் உள்ளே வந்தார். மெலிந்திருந்தார். அதே நீல மேற்சட்டை. கோப்பிப் போத்தலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அந்த மனிதருக்குத் தொழிற்சாலையும் நாங்களும் தவிர வேறொன்றும் இல்லை. மனைவி பிரிந்து, மகளோடு தலைநகருக்குப் பக்கத்திலுள்ள இஷொய்க்குப் போய்க் கனகாலம். நாங்களும் போனால் அவருக்கு நீலச் சட்டை மட்டும்தான் மிச்சம் என்பது அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

தலைவி கேட்டார்: “இவர் தொடர வேண்டும் என்பவர்கள்?”

முன்வரிசையில் இரண்டு டெனிஷ் கைகள். பின்னால் ஒன்றுமில்லை. மனேஜர் திரும்பிப் பார்த்தார். குனிந்திருந்த எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் மௌனத்தில் அவர் மரியாதையைக் காணவில்லை. அதை நான் அவர் முகத்தில் கண்டேன். கண்டும் என் கை மடியிலேயே கிடந்தது. மைதானத்தில் அவருக்காக எத்தனையோ தரம் நீட்டிய கை.

பக்கத்தில் ஒரு கை எழும்பியது. தம்பியுடையது. அம்மா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். “இருடா.” அவன் எழும்பியே நின்றுவிட்டான். அவர் தொடர வேண்டும், ஆனால் இப்படிக் காணாமற்போகக் கூடாது என்று டெனிஷில் சொன்னான். பிறகு மனேஜர் பக்கம் திரும்பித் தமிழில், “நீங்கள் என்னைப் பேசினது பிழை” என்றான்.

“ஓம், பிழை” என்றார் மனேஜர். எழும்பி நின்று, டெனிஷில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “அந்த எறியை அவனுக்குப் பழக்கினது நான். இரண்டு விளையாட்டையும் ஒரு கைக்குள் போட்டுவிட்டு, கையைத் திட்டினேன்.”

“போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ” என்றான் தம்பி.

“என்னெண்டு சொல்லுறது, தம்பி? காய்ச்சல் எண்டு சொல்ல ஏலாது. காய்ச்சல் இல்லையே.”

“இண்டைக்கு இல்லை எண்டு சொல்லுங்கோ. அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்கமாட்டம்.”

அப்போதுதான் என் கை எழும்பியது. பிறகு அப்பாவுடையது. பிறகு பின்வரிசை முழுவதும், கடைசியாக அம்மாவும், கோயிலில் கற்பூரம் காட்டும்போது எழும்புவதுபோல. எங்கள் பேச்சைத் தலைவிக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கழகத்தில் ஓர் ஆளுக்கென்று தனி விதி போட முடியாது, போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும் என்றார். அப்படியே எழுதினார்: எந்த உறுப்பினரும் ‘இண்டைக்கு இல்லை’ என்று ஒரு செய்தி அனுப்பலாம், காரணம் கேட்கப்படமாட்டாது, இடம் பறிக்கப்படமாட்டாது.

அதன்பிறகு மனேஜர் மூன்று பருவங்கள் எங்களோடு இருந்தார். சில காலைகளில் என் போனுக்கு அந்த இரண்டு சொற்கள் வரும். கூடவே அன்றைய ஆட்டத்துக்கான பட்டியலும் வரும், யார் எங்கே நிற்பது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதுவரை. நாங்கள் மேல் பிரிவுக்குப் போனோம். சீற்றம் முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வாளி இன்னும் இரண்டு தரம் உதைபட்டது. உதைத்தவரே பந்துகளைப் பொறுக்கினார். வைத்தியரிடமும் போகத் தொடங்கினார். அதை அவர் சொல்லவில்லை. வைத்தியசாலையில் வேலை செய்யும் அம்மா நடைவழியில் கண்டுவிட்டு, எங்களிடமே பல மாதம் சொல்லாமல் வைத்திருந்தார். அம்மாவின் மௌனம் அந்த முறை சரியான இடத்தில் நின்றது.

இப்போது அவர் இஷொயில், மகளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மனேஜர் நான். போன மாதம் மைதானத்துக்கு அவருடைய பெயரை வைப்பது என்று கழகம் தீர்மானித்து, அவரிடம் சம்மதம் கேட்கும் வேலையை என்னிடம் தந்தது. அந்தக் கிழமைதான் இந்தப் பருவத்தின் மிக முக்கியமான ஆட்டமும் வந்தது. காலை எட்டு மணிக்கு எங்கள் முதன்மைப் பந்து எறிபவளிடமிருந்து டெனிஷில் ஒரு செய்தி: இன்றைக்கு இல்லை. பத்தொன்பது வயது, கழகத்துக்கு வந்து ஒரு வருடமும் ஆகவில்லை, மனேஜரை அவள் கண்டதேயில்லை. “சரி” என்று பதில் போட்டேன்.  வேறொருவரை எறிய விட்டோம். படுதோல்வி.

பின்னேரம் இஷொய்க்குப் போன் எடுத்தேன். புள்ளிகளை ஏற்கெனவே இணையத்தில் பார்த்துவிட்டிருந்தார்.

“உனக்கென்ன விசரே? நல்லா எறியிற பிள்ளையை வெளியிலை வைச்சிட்டு...”

“இண்டைக்கு இல்லையெண்டு எழுதினவள், மனேஜர்.”

 மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தத்தை அவர் குறைப்பது கேட்டது.

“அப்ப தோக்கத்தான் வேணும்” என்றார். பிறகு, “அடுத்த பயிற்சிக்கு வருவாளோ?”

“வாறன் எண்டு இப்பத்தான் எழுதினவள்.”

“ஏன் வரேல்லையெண்டு ஆரும் கேட்டவையோ?”

“ஒருத்தரும் கேக்கேல்லை.”

நான் மைதானத்துப் பெயர்ப்பலகைக் கதையைத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

“பலகை ஒண்டும் வேண்டாம், பிள்ளை. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொன்னனி. எனக்கு அது போதும்.”