குழம்பு கொதிக்கும்போது சொன்ன உண்மை

போன கோடையில் தேம்ஸ் ஆற்றின் மேற்பக்கம் கனூ படகில் போனது நண்பர்கள் கஜன், சுதன், நான் மூவரும்தான். எங்கள் கூட்டாளி தேசிகனுக்கு வேலை ஷிப்ட், அவன் வரவில்லை. கறித்தூளும் பழப்புளியும் கட்டித் தந்து, "மீன் குழம்பு வைக்காமல் வந்திடாதேங்கோடா" என்றான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நண்பர்களுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். கூடாரம் போடும் இடத்தின் விதிகளையும் நானே வாசித்தேன். பிடிக்கும் மீனை உயிரோடு ஆற்றில் விட வேண்டும் என்று அதில் இருந்தது. சொன்னால் வரமாட்டார்கள் என்று மறைத்துவிட்டேன். எப்படியும் மீன் அகப்படாது என்று நினைத்தேன்.

அகப்பட்டது, முழங்கை நீளத்தில். கஜன் வாழ்க்கையில் பிடித்த முதல் மீன். அதை வாளித் தண்ணீரில் விட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தான். அடுப்பில் புளி கொதித்தது. சுதன் கத்தியை எடுத்தான்.

"மச்சான், வெட்டாதை. அதைத் திருப்பி விடவேணும். விதியிலை இருக்கு, எனக்கு முதலே தெரியும்" என்றேன்.

"வாசிச்சனியோ?" என்றான் கஜன்.

"ஓம்."

"நீ வாசிச்சுச் சொன்னா நாங்கள் திருப்பிக் கேக்கிறேல்லையடா."

கஜன் வாளியைத் தூக்கிப்போய் ஆற்றில் மெதுவாகச் சரித்தான். மீன் ஒரு கணம் நின்றுவிட்டு மறைந்தது.

"போடா! தேசிகனிட்டை மட்டும் வாயைத் திறக்காதை!" என்று அதன் பின்னால் கத்தினான். சுதன் கத்தியோடு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பக்கத்துக் கடையில் இரண்டு மீன் டின் வாங்கி அதே புளியில் போட்டோம். சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். இப்போது யாருக்கு எதை வாசித்தாலும் கடைசி வரிவரை சொல்லிவிடுகிறேன்.

இரண்டு டின்னுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்: நான்கு பவுண் இருபது பென்ஸ்.