தகட்டை மட்டும் எழுதவில்லை

மாணிக்கத்தைக் கொன்றவன் நான். சிறைக்குப் போனவன் சூசை.

சூசை என் லாரியின் டிரைவர். மாணிக்கம் அதில் செங்கல் ஏற்றி இறக்கியவன். நான் மந்தைவெளியில் பலரும் மதிக்கும் மனிதன். இருபது ஆண்டுகளாக ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்த நாட்குறிப்பைக் கொண்டுதான் இந்தக் குற்றத்தைச் செய்தேன்.

சண்டைக் காலம் அது. பட்டறைகளில் எங்கு பார்த்தாலும் ராணுவ வண்டிகள். என் லாரியின் முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கியிருந்தன. முன் அச்சின் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற தடித்த எஃகுத் தண்டைக் கிங்பின் என்பார்கள். அது புஷ் என்கிற வெண்கலக் குழலுக்குள் நிற்கும். இரண்டும் தேய்ந்துவிட்டன. அலையாய் அலைந்து புதிய உருப்படிகள் ஒரே ஒரு செட் வாங்கினேன். பட்டறையில் மேற்பார்வை பார்த்தவன் அல்லவா நான்? வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

வலப்பக்கம் கச்சிதமாக முடிந்தது. இடப்பக்கப் புஷ்ஷுக்குள், துளையைச் சீவி அகலமாக்கும் ரீமரை விட்டு, மயிரிழை மயிரிழையாகச் சீவிக்கொண்டிருந்தேன். சூசை பக்கத்தில் குந்தியிருந்தான்.

"இன்னா மொதலாளி, சாமியாரு பூச வெக்கிறாப்பல திருப்பிக்கினு கீறீங்க?" என்றான்.

சிரித்தேன். அந்தப் பெருமிதத்திலேயே இன்னும் ஒரு சுற்றுத் திருப்பினேன்.

ஒரே ஒரு சுற்று! கிங்பின்னை உள்ளே விட்டால் லொடலொடவென்று ஆடியது. நகரத்தில் வேறு புஷ் கிடையாது. வண்டியை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். "கெடுத்துவிட்டேன், சூசை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? அந்த இரண்டு சொற்கள் என் வாயில் ஏன் வரவில்லை?

தேநீர் குடித்துவிட்டு வா என்று அவனை அனுப்பினேன். மெல்லிய பித்தளைத் தகட்டைக் கத்தரித்து, புஷ்ஷுக்குள் வளைத்துச் செருகி, பின்னை இறக்கி, கிரீஸ் அடைத்தேன். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை உலுக்கினேன். அசையவில்லை.

அன்றைய குறிப்பு இது: "இடப்பக்கமும் புது கிங்பின், புது புஷ். உலுக்கிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை, பாருங்கள். தகட்டை மட்டும் எழுதவில்லை.

எட்டாம் நாள் சூசை வந்து நின்றான். "மொதலாளி, ஸ்டேரிங்கு கையில நிக்க மாட்டேங்குது. எடது பக்கம் வெட்டி வெட்டி இழுக்குது. ஒரு தபா கயட்டிப் பாத்துரலாமா?"

கழற்றினால் தகடு தெரியும்.

"ஆட்டம் வண்டியில இல்ல சூசை, ஒன் கையில. கள்ளுக்கடைப் பக்கம் போனியா?"

மாணிக்கம் பின்னாலிருந்து, "நல்லா கேளுங்க மொதலாளி!" என்று கைகொட்டிச் சிரித்தான். சூசையின் முகம் சுருங்கியது. "மாதா மேல ஆண, தொட்டு ஒரு வருசம் ஆவுது" என்று முணுமுணுத்துக்கொண்டே வண்டியில் ஏறினான்.

அன்று முற்பகல், அடையாற்றுப் பாலத்தில் வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. செங்கல் மேல் உட்கார்ந்திருந்த மாணிக்கம் கீழே விழுந்தான். அவன் மேல் செங்கற்கள் சரிந்தன... சிரித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

முன்சக்கரம் நொறுங்கிக் கிடந்தது. மோதியதால் நொறுங்கியது என்றார்கள். நான் மறுக்கவில்லை. வண்டி வீடு வந்ததும் தனியே கழற்றினேன். தகடு கிழிந்து சுருண்டிருந்தது. சாக்கடையில் போட்டேன். அதையும் எழுதவில்லை.

கோர்ட்டில் நாட்குறிப்பைக் காட்டினேன். மாஜிஸ்திரேட் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவ்வளவு ஒழுங்கான மனிதரைத் தாம் கண்டதில்லை என்றார். கூண்டில் நின்ற சூசையும் அந்தப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் பழுதில்லை, ஆகவே டிரைவர்தான் கவனமின்றி ஓட்டினான்! ஆறு மாதம். லைசென்சும் போயிற்று.

சண்டையும் முடிந்துவிட்டது. இப்போது அவன் சாந்தோம் பக்கத்தில் ஒரு மாதா கோயில் வளாகத்தைப் பெருக்குகிறான். சென்ற வாரம் கடைத்தெருவில் எதிர்ப்பட்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்!

"மொதலாளி, ஒங்களப் பாக்கணும்னு இருந்தேன்" என்றான். "ஜெயில்ல ரோசன பண்ணிக்கினே கெடந்தேன். ஸ்டேரிங்கு இழுத்தாப்பலதான் நெனப்பு. ஆனா ஒங்க நோட்டுல தப்பு வருமா? நான்தான் கண்ணு அசந்திருப்பேன். மாணிக்கத்த நான்தான் சாவடிச்சேன்னு சாமியாராண்ட பாவசங்கீர்த்தனம் பண்ட்டேன். மன்னிப்பு குடுத்தாரு. இப்பதான் ராவுல தூக்கம் வருது."

அவன் கண்ணால் கண்டதை, கையால் உணர்ந்ததை, என் எழுத்துக்காகக் கைவிட்டிருக்கிறான். நான் செய்த பாவத்தைத் தன் வாயால் சொல்லி, மண்டியிட்டு மன்னிப்பும் வாங்கிவிட்டான். எனக்கென்று என்ன மிச்சம்?

அப்போதாவது சொன்னேனா என்று கேட்கிறீர்களா?

"உடம்பைப் பார்த்துக்கோ, சூசை" என்றேன்.

வீட்டுக்கு வந்து மை தொட்டு எழுதினேன்: "கடைத்தெருவில் சூசையைக் கண்டேன். நலமாக இருக்கிறான். நன்றாகத் தூங்குகிறானாம்."

இதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.